பையில் வளரும் மிளகாய்: எந்த ரகத்துக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உரம்?

கேள்வி இது: "சென்னையில் மொட்டை மாடியில், 12 அங்குலப் பைகளில் சம்பா, ராமநாதபுரம் முண்டு, பஜ்ஜி மிளகாய், காந்தாரி, பூத் ஜோலோகியா என்று ஐந்து வகை மிளகாய் வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் தினமும் காலையில் ஒரு மக் தண்ணீர், பத்து நாளுக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல். சம்பா நன்றாகக் காய்க்கிறது. முண்டு மஞ்சளடித்து நிற்கிறது. பஜ்ஜி மிளகாயின் நுனி கறுத்துப் போகிறது. பூத் ஜோலோகியா புதர் மாதிரி வளர்ந்து பூவையெல்லாம் கொட்டிவிடுகிறது. காந்தாரி நட்ட நாளில் இருந்த மாதிரியே நிற்கிறது. இப்போது ஏப்ரல், வெயில் ஏறிக்கொண்டே போகிறது. எல்லாவற்றையும் ஒரே மாதிரிதானே கவனிக்கிறேன், அப்புறம் ஏன் இப்படி?"

ஒரே மாதிரி கவனிப்பதில்தான் சிக்கலே. மிளகாய் என்று ஒரே பெயர் சொன்னாலும் உங்கள் மாடியில் மூன்று தனித்தனி இனங்கள் நிற்கின்றன. சம்பா, முண்டு, பஜ்ஜி மூன்றும் காப்சிகம் ஆனுவம். கடையில் வாங்கும் குடைமிளகாயும் இந்த இனம்தான். காந்தாரி காப்சிகம் ஃப்ரூட்டசென்ஸ். பூத் ஜோலோகியா காப்சிகம் சைனென்ஸ், அதில் கொஞ்சம் காந்தாரி இனத்தின் கலப்பும் உண்டு. இலையின் அளவு, காயின் சதைப்பற்று, செடியின் ஆயுள், பூ பிடிக்க வேண்டிய குளிர்ச்சி எல்லாமே ஒன்றுக்கொன்று மாறும். நிலத்தில் வைத்தால் இந்த வித்தியாசம் இவ்வளவு பளிச்சென்று தெரியாது. வேர் தனக்கு வேண்டியதைத் தேடிப் போய்விடும். பையில் அது போக இடமில்லை, நீங்கள் ஊற்றியதையும் போட்டதையும் வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

உரத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் புகார்களில் பாதிக்கு மேல் தண்ணீர் சம்பந்தப்பட்டவை. உரம் வேருக்குப் போவதே தண்ணீரில் கரைந்துதான்.

ஒரு பைக்குத் தண்ணீர் ஊற்றி, அடியில் சொட்டு நிற்கும்வரை விடுங்கள். வடிய வேண்டியதெல்லாம் வடிந்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் பையின் அடிப்பகுதியில் ஒரு அடுக்கு முழு ஈரமாகவே தங்கிவிடும். மண்ணின் நுண்துளைகள் அந்தத் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன, புவியீர்ப்பு அதை வெல்ல முடிவதில்லை. அடியில் ஜல்லியோ உடைந்த ஓட்டுச் சில்லோ போட்டால் வடிகால் நன்றாக இருக்கும் என்பது காலங்காலமாகச் சொல்லப்படுவது. அது அந்த ஈர அடுக்கை ஜல்லிக்கு மேலே தூக்கி வைக்கிறது, அவ்வளவுதான். வேருக்கு இருக்கும் காற்றோட்டமான இடம் இன்னும் குறைகிறது. ஒரே கலவையைப் போட்டால் அரை அடி உயரத் தொட்டியிலும் ஒன்றரை அடி உயரப் பையிலும் அந்த ஈர அடுக்கின் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் குட்டைத் தொட்டியில் வேர் சீக்கிரம் அழுகுகிறது. அகலத்தைவிட உயரம் கூடுதலான பை மிளகாய்க்கு நல்லது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

இப்போது உங்கள் ஒரு மக். சுமார் ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 12 அங்குலப் பையில் முக்கால்வாசி நிரப்பினால் கலவை பதினைந்து, பதினாறு லிட்டர் இருக்கும். அதில் இருப்பது முழங்கால் உயரச் சின்னச் செடி என்றால், பிப்ரவரியில் அது ஒரு நாளில் அரை லிட்டர்கூடக் குடிக்காது. மீதி அடியில் தேங்கும், மறுநாள் இன்னொரு மக். அதே பையில் காய் நிறைந்த பெரிய பஜ்ஜி மிளகாய்ச் செடி மே மாதம் நின்றால் இரண்டு லிட்டர்கூட அன்றைக்கே தீர்ந்துவிடும். ஒரு மக் தண்ணீர் ஒரு செடியை மூழ்கடிக்கிறது, பக்கத்துச் செடியைப் பட்டினி போடுகிறது.

அளவு பார்க்கச் சிறந்த கருவி உங்கள் கைதான். பையின் விளிம்பைப் பிடித்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்து எப்படிக் கனக்கிறது, காய்ந்தபின் எப்படிக் கனக்கிறது என்பது ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். மேல்மண் காய்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் ஊர் வெயிலில் மேல் ஒரு அங்குலம் பத்து மணிக்கே காய்ந்துவிடும், அடியில் சேறாக இருக்கும். விரலை இரண்டாவது கணு வரை விட்டுப் பாருங்கள். விரலில் மண் ஒட்டி வந்தால் இன்று தண்ணீர் வேண்டாம்.

மத்தியான வாட்டத்தைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். இரண்டு மணிக்கு இலை தொங்கி, சூரியன் சாய்ந்ததும் தானாக நிமிர்ந்தால் அது தாகம் இல்லை. வேர் கொடுக்கும் வேகத்தைவிட இலை ஆவியாக்கும் வேகம் கூடிவிட்டது, அவ்வளவுதான். விடியற்காலையிலும் இலை தொங்கியிருந்தால் பையைச் சாய்த்துப் பாருங்கள். பை லேசாக இருந்தால் உடனே தண்ணீர். பை கனமாக இருந்தும் இலை தொங்கினால் வேர் அழுகிக்கொண்டிருக்கிறது. அங்கே இன்னொரு மக் ஊற்றுவது கடைசிப் பால் ஊற்றுவதுதான்.

ஊற்றும் முறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. தென்னை நார்க்கழிவு கலந்த மண் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உடனே ஏற்காது. பைக்கும் மண்ணுக்கும் நடுவே விழுந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் சடசடவென்று இறங்கி அடியில் வந்துவிடும். பார்க்கிறவருக்கு 'வடிந்துவிட்டது, போதும்' என்று தோன்றும்; உள்ளே வேர் இருக்கும் இடம் தூள் மாதிரி உலர்ந்து கிடக்கும். முதலில் ஒரு டம்ளர் சுற்றிலும் தெளித்து, பத்து நிமிடம் விட்டு, மீதியை மெதுவாக ஊற்றுங்கள். ரொம்பவே காய்ந்துபோன பையை ஒரு அகலமான பேசினில் நான்கு விரல் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வைத்தால் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். மாடியில் வெயிலில் கிடக்கும் ஹோஸ் குழாயில் முதலில் வருவது கிட்டத்தட்ட வெந்நீர்; அதை வாளியில் பிடித்து வைத்துவிட்டு, கை தாங்கும் சூட்டில் வரும் தண்ணீரை மட்டும் செடிக்கு விடுங்கள்.

சரி, ரகத்துக்கு வருவோம்.

சம்பா நம் வீட்டுப் பிள்ளை. சாத்தூர்ச் சம்பா ஆகட்டும், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் கொடுத்த கே-1 மாதிரி ரகங்கள் ஆகட்டும், தென் தமிழகத்தின் வெயிலுக்கென்றே தேறி வந்தவை. காய் ஒல்லி, சதை குறைவு, இலை சிறிது. ஒரு நாள் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அதனால்தான் உங்கள் ஒரு மக்கிலும் அது காய்க்கிறது. அதை வைத்து மற்றவற்றை எடை போட்டதுதான் தப்புக் கணக்கு.

முண்டு கதை வேறு. ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர், கமுதி பக்கமெல்லாம் இது மானாவாரிப் பயிர். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பார்கள். மழை நின்றபின் கரிசல் மண்ணில் தங்கிய ஈரத்தை வைத்தே செடி காய்த்து முடிக்கும். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்த மண்ணோடும் வெயிலோடும் சேர்ந்த குணத்துக்குத்தான். இப்படி வளர்ந்து பழகிய செடிக்குத் தினமும் காலில் ஈரம் என்றால் மூச்சு முட்டும். உங்கள் முண்டில் எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடி இலைகள் மொத்தமாக வெளிறி, தொட்டால் உதிர்ந்து, பையும் கனமாக இருந்தால் அது தண்ணீர் மிகுதி. தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவும் இதே மாதிரிதான் தெரியும் என்பதால் பலர் இந்த நேரத்தில் புண்ணாக்குக் கரைசலைக் கூட்டுவார்கள், செடி இன்னும் சுணங்கும். முண்டுக்குக் கலவையில் செம்மண்ணும் ஆற்று மணலும் கூடுதலாக, நார்க்கழிவு குறைவாக இருக்கட்டும். பையின் பாதி ஆழம் வரை உலர்ந்தபின் ஒருமுறை நிறைய ஊற்றுங்கள், பிறகு மீண்டும் உலர விடுங்கள். நல்ல வெயிலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். காய் நிறம் மாறத் தொடங்கியபின் இன்னும் கொஞ்சம் இறுக்கலாம். லேசான தண்ணீர்த் தட்டுப்பாடு காரத்தைக் கூட்டும் என்பது உண்மைதான், ஆனால் எல்லா ரகத்திலும் ஒரே அளவுக்கு இல்லை. ஏற்கெனவே உச்சக் காரத்தில் இருக்கும் பூத் ஜோலோகியாவை வாட வைத்து ஒன்றும் கிடைக்காது, பூதான் கொட்டும்.

பஜ்ஜி மிளகாய், அதோடு குடைமிளகாயையும் சேர்த்தே சொல்கிறேன், குடிகாரச் செடிகள். காய் முழுக்கச் சதையும் தண்ணீரும். இவற்றுக்கு அளவைவிட முக்கியம் ஏற்ற இறக்கம் இல்லாத ஈரம். நுனி கறுப்பதற்குக் காரணம் கால்சியம் காயின் நுனிக்குப் போய்ச் சேராதது. கால்சியம் செடிக்குள் தண்ணீர் ஓடும் பாதையில் மட்டுமே நகரும், ஒருமுறை இலையில் படிந்துவிட்டால் அங்கிருந்து எழுந்து காய்க்கு வராது. இலை நிறைய ஆவியாக்குகிறது, தண்ணீர் அங்கே ஓடுகிறது. காய் குறைவாகத்தான் ஆவியாக்கும், அதனால் அதன் பங்கு எப்போதும் குறைவு. பை ஒரு நாள் காய்ந்தால் முதலில் அடிபடுவது காயின் கடைசி நுனி. மண்ணில் கால்சியம் கொட்டிக் கிடந்தாலும் இது நடக்கும். சென்னை போர் தண்ணீரில் கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறவர்கள் போடட்டும், கெடுதல் இல்லை. ஆனால் இன்று போட்ட ஓடு கரைந்து வேருக்குக் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் இந்தப் போகம் முடிந்துவிடும். உடனே வேண்டுமென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து வாரம் ஒருமுறை வேரில் ஊற்றலாம். இயற்கை வழிதான் என்றால் கலவை தயாரிக்கும்போதே ஒரு கைப்பிடி ஜிப்சம். எதைப் போட்டாலும் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என்று தண்ணீரைப் பிரித்துக் கொடுக்காவிட்டால் பலன் இல்லை. மேலே காய்ந்த இலையோ கரும்புச் சக்கையோ இரண்டு அங்குலம் மூடாக்குப் போட்டால் பாதி வேலை குறையும். கறுத்த காயைக் கிள்ளி எறிந்துவிடுங்கள், அது தேறாது.

இந்த இடத்தில் காயைக் கையில் எடுத்து நன்றாகப் பார்க்க வேண்டும். நுனியில், கொஞ்சம் உள்வாங்கி, தோல் மாதிரிக் கறுத்திருந்தால் நான் சொன்ன கால்சியக் கோளாறு. வெயில் படும் பக்கத்தில் மட்டும் வெளுத்து, காகிதம் மாதிரி ஆகியிருந்தால் வெயில் சூடு, நிழல்வலை போதும். காயின் எந்த இடத்திலும் வட்ட வட்டமாக, வளையத்துக்குள் வளையமாகக் கருமை பரவி, பழுக்கும் காயில் அதிகம் வந்தால் அது பழ அழுகல் பூஞ்சணம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றையும் 'நுனி அழுகல்' என்று சொல்லி ஒரே பாட்டிலை வாங்கித் தெளிப்பதுதான் வழக்கமாக இருக்கிறது.

காந்தாரி கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் வீட்டுக் கொல்லையில், தென்னை, வாழை நிழலில், யாரும் கவனிக்காமல் வளரும் செடி. பல வருடம் நிற்கும் புதர். முதல் சில மாதம் இடத்தைவிட்டு அசையாது, அப்புறம்தான் கிளைக்கும். அதனால் பாதிப் பயத்தை விட்டுவிடுங்கள். மீதிப் பாதிக்குக் காரணம் உங்கள் மாடி. ஏப்ரல் வெயிலில் கான்கிரீட் தளத்தின்மேல் நேராக வைத்த பையின் உள்ளே வேரே வெந்துபோகும், குறிப்பாக மேற்குப் பார்த்த பக்கத்தில். இரண்டு செங்கல்மேல் பையை ஏற்றி வையுங்கள். பெரிய செடிகளுக்குக் கிழக்கே, அவற்றின் சாயங்கால நிழல் விழும் இடத்துக்கு இதை நகர்த்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தண்ணீர், உரமும் அப்படித்தான். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டு மேல்மண்ணைக் கிளறிவிட்டால் அதற்குப் போதும். அதிகமாக ஊட்டினால் இலை பெருக்கும், காய்க்காது. காய்த்து ஓய்ந்தபின் மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்துவிட்டால் மறுபடி தழைக்கும்.

பூத் ஜோலோகியாவை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதன் காரத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். 2007-ல் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறியது, காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்தைத் தாண்டியது, எல்லாம் சரி. அசாம், நாகாலாந்து, மணிப்பூர் மலைச்சரிவில், நிறைய மழையும் உடனே வடியும் மண்ணும் காற்றில் ஈரப்பதமும் இருக்கும் இடத்துச் செடி அது என்பதை நர்சரியில் யாரும் சொல்வதில்லை. இலை அகலம், ஆகவே தாகம் அதிகம். ஆனால் வேர் சேற்றில் நிற்கச் சம்மதிக்காது. 12 அங்குலப் பை அதற்குப் போதாது. 15 அல்லது 18 அங்குலப் பைக்கு மாற்றினால் ஈரம் சீராக இருக்கும், பகலில் வாடுவதும் குறையும்.

அது பூக் கொட்டுவதற்கு இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று வெயில். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலே மகரந்தம் சரியாக வேலை செய்யாது. இரவும் சூடு குறையாவிட்டால் பூ நிற்கவே நிற்காது. இன்னொன்று உங்கள் புண்ணாக்குக் கரைசல். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து சுமார் ஏழு சதவீதம். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) ஒன்று, ஒன்றரை சதவீதம்தான். பத்து நாளுக்கு ஒருமுறை அதையே கொடுத்தால் செடி இலை போட்டுக்கொண்டே இருக்கும், பூவைக் காப்பாற்ற அதற்கு எந்த அவசரமும் இல்லை. கரும்பச்சை, பளபளப்பு, கணுவுக்குக் கணு நீண்ட இடைவெளி என்று இருந்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். பார்க்க அழகாக இருக்கும் இந்தச் செடியைத்தான் சாறு உறிஞ்சும் பூச்சிகளான அசுவினியும் இலைப்பேனும் முதலில் தேடி வரும்.

இனி உரம். நாற்றுக்கு, விதையிலைக்குப் பின் வரும் உண்மை இலை நான்கைந்து வரும்வரை எதுவும் வேண்டாம். 30, 40 நாள் நாற்றை நட்டு, புதுத் துளிர் தெரிந்தபின், அதாவது இரண்டு வாரம் கழித்துத்தான் முதல் ஊட்டம். கிளை விடும்வரை தழைச்சத்து முன்னால் நிற்கட்டும்: நூறு கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊற வைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பைக்கு ஒரு டம்ளர். அல்லது மீன் அமிலம் லிட்டருக்கு ஐந்து மில்லி. முதல் மொட்டு தெரிந்ததும் புண்ணாக்கை மாதம் ஒன்றாகக் குறைத்துவிட்டு, சாம்பல் சத்தின் பக்கம் திரும்ப வேண்டும். பொட்டாசியம் சல்பேட் என்று 0:0:50 பொட்டலம் உரக்கடையில் கிடைக்கும், லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. ரசாயனம் வேண்டாம் என்றால் திரவக் கடற்பாசி உரமும், வாழைத்தோல் மக்கிய கம்போஸ்ட்டும். வாழைத்தோலை ஊற வைத்த தண்ணீரில் கொஞ்சம் சாம்பல் சத்து இறங்கும்தான், ஆனால் அது ஒரு காய்க்கும் செடிக்குச் சாப்பாடு ஆகாது. பஞ்சகவ்யம் லிட்டருக்கு முப்பது மில்லி தெளிக்கலாம். அதை வளர்ச்சி ஊக்கியாக எடுத்துக்கொள்ளுங்கள், அடி உரத்துக்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

அடுப்புச் சாம்பலைச் சென்னையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வதில்லை. சாம்பல் மண்ணின் காரத்தன்மையை (பிஎச்) கூட்டும், நம் போர் தண்ணீர் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. காரத்தன்மை ஏறினால் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் போய், புதுத் துளிர் வெளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இதே கோலம் துளிரில் இல்லாமல் முதிர்ந்த இலையில் வந்தால் அது மெக்னீசியம் குறைவு. லிட்டருக்கு இரண்டு கிராம் எப்சம் உப்பு, சாயங்காலம் இலையில் தெளிக்க வேண்டும். பூத் ஜோலோகியாவில் இது அடிக்கடி வரும். சாம்பல் சத்தை அள்ளிப் போட்டாலும் இதே குறைவு வரும், ஒன்று கூடினால் இன்னொன்றை வேர் எடுக்காது.

ஆக, மேலே சொன்ன உர அளவில் யாருக்கு எவ்வளவு? பஜ்ஜியும் குடைமிளகாயும் முழு அளவு. சம்பா முக்கால். பூத் ஜோலோகியா பாதி, ஆனால் நீண்ட நாளைக்கு. முண்டும் காந்தாரியும் கால் அளவு வாங்கினாலே போதும். முன்பின் ஆனால் குறைவாகவே கொடுங்கள். பசித்த செடிக்கு அடுத்த வாரம் ஊட்டிவிடலாம், உப்பேறிய பையைச் சரிசெய்வது பெரிய வேலை. காய்ந்த பையில் உரத் தண்ணீர் ஊற்றவே கூடாது. முதல் நாள் வெறும் தண்ணீர், மறுநாள் உரம்.

உப்பு என்றதும் தண்ணீரின் தரத்தைச் சொல்லியாக வேண்டும். மிளகாய் உப்பைப் பெரிதாகத் தாங்கும் பயிர் இல்லை. பையின் வெளிப்புறத்திலும் ஓட்டையைச் சுற்றியும் வெள்ளைப் பொருக்கு படிகிறதா பாருங்கள். இலையின் ஓரம் கருகுகிறதா பாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஊற்றும் தண்ணீரை ஒருமுறை அளந்து, அடியில் வடிவதை ஒருமுறை அளந்து பார்த்தால் கதை புரிந்துவிடும். உள்ளே போவது 600, வெளியே வருவது 2,000 என்றால் உள்ளே உப்பு குவிகிறது. பையின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவிவிட வேண்டும், பிறகு ஒரு வாரம் உரம் இல்லை. வழக்கமாகவே ஊற்றுவதில் பத்தில் ஒரு பங்கு அடியில் வடியும்படி ஊற்றினால் இந்த நிலை வராது. ஆர்ஓ மிஷினின் கழிவுத் தண்ணீர் செடிக்கு வேண்டவே வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு நேர் எதிர், கிட்டத்தட்ட உப்பே இல்லாதது. போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் அருமையான பாசனத் தண்ணீர். கடையில் வாங்கும் நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு உண்டு. ஊற வைத்து, பிழிந்து, பழுப்புத் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை கழுவிய பிறகே கலவையில் சேர்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இலை சுருண்டால் உரக் குறைபாடு என்று முடிவு கட்டாதீர்கள். ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கினால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து நீண்டு போனால் சிலந்திப்பேன். இலையைத் திருப்பி, வெள்ளைத் தாளின்மேல் தட்டினால் இலைப்பேன் ஊர்வது கண்ணுக்கே தெரியும். சிலந்திப்பேனுக்கு லென்ஸ் வேண்டும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடியில் படும்படி அடியுங்கள். அது அடங்கும்வரை தழைச்சத்து கிட்டவே வரக் கூடாது.

உங்களுக்கு இந்த வாரம் செய்ய வேண்டியது: முண்டுக்குத் தண்ணீரை நிறுத்தி, பையின் பாதி உலரட்டும், ஓட்டை அடைத்திருந்தால் குத்திவிடுங்கள். பஜ்ஜிக்கு மூடாக்குப் போட்டு, அதே தண்ணீரோடு மாலையில் இன்னொரு மக் சேருங்கள். காந்தாரியைச் செங்கல்மேல் ஏற்றி இடம் மாற்றுங்கள். மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கிவிடும். அதற்குள் 50 சதவீத நிழல்வலை கட்டிவிட்டால் ஐந்துக்கும் நல்லது. அக்டோபரில் பருவமழை பிடித்ததும் வலையைக் கழற்றிவிடலாம். அப்போது வேலை தலைகீழ். பல நாள் தண்ணீரே தேவைப்படாது, பை ஓட்டைகளைப் பார்த்துக்கொள்வதும், மழை அடித்துச் சென்ற சத்தை வாரம் ஒரு சின்ன அளவு உரத்தால் ஈடுகட்டுவதும்தான் இருக்கும். பூத் ஜோலோகியாவைப் பொறுத்தவரை இந்தக் கோடையில் காய் எதிர்பார்க்காதீர்கள். பெரிய பைக்கு மாற்றி, புண்ணாக்கை நிறுத்தி, நிழலில் உயிரோடு வைத்திருங்கள். ஆடி கழிந்ததும் நுனிகளைக் கிள்ளிவிட்டு ஊட்டத்தைத் தொடங்கினால், மழைக்காலக் குளிர்ச்சியில் வரும் பூ நிற்கும், பொங்கல் வாக்கில் பழம் பறிக்கலாம். பறிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.